ஸ்நேக் பிளான்ட் இலைத்துண்டு: தண்ணீரில் வைப்பதா, மண்ணில் நடுவதா?

மொட்டைமாடி (தாம்பரம்)

எல்லோருக்கும் வணக்கம். வீடு மாறும்போது வண்டியில் ஏற்றிய ஸ்நேக் பிளான்ட்டில் இரண்டு இலைகள் அடியோடு ஒடிந்துவிட்டன. உயரமாக வளரும் வகை, இலையின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கோடு ஓடும். ஒவ்வொன்றும் இரண்டடிக்கு மேல் இருக்கும். நல்ல கெட்டியான இலை, தூக்கிப் போட மனம் வரவில்லை.

சொந்த வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கிறது, தையில் கிரகப்பிரவேசம். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஒரு சின்னத் தொட்டியில் இந்தச் செடியையும் கொடுக்க வேண்டும் என்று ஆசை. இருபது, இருபத்தைந்து தொட்டி தேவைப்படும். இப்போது சித்திரை, எட்டு ஒன்பது மாதம் கையில் இருக்கிறது.

யூடியூபில் ஒருவர் பாட்டில் தண்ணீரில் வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் நேராக மண்ணில் குத்தச் சொல்கிறார், மூன்றாமவர் சோற்றுக்கற்றாழைச் சாற்றில் முக்கி நடச் சொல்கிறார். வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் அப்படியே பின்பற்றிக்கொள்வேன்.

நாற்றுப்பட்டறை (கோவை)

அக்கா, கத்தியை எடுப்பதற்கு முன்னால் ஒன்று. இலைத்துண்டில் மஞ்சள் ஓரம் வராது. கன்று வரும், நன்றாகவே வரும். ஆனால் முழுப் பச்சையாக, குறுக்கே சாம்பல் பச்சைப் பட்டைகளோடு மட்டும் இருக்கும். நர்சரியில் கேட்டால் பலர் இதைச் சொல்வதில்லை, அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது லாரன்டீ என்று விற்கும் ரகம். அதன் உடம்பில் இரண்டு வகைத் திசு அடுக்கடுக்காக இருக்கிறது. ஒன்று பச்சையம் உண்டாக்கும், மற்றொன்று உண்டாக்காது. கிழங்கின் முளைநுனியில் அந்த அடுக்கு குலையாமல் இருப்பதால்தான் ஒவ்வொரு புது இலையும் மஞ்சள் கோட்டோடு வருகிறது. இலையை வெட்டி நடும்போது புது முளை வெட்டுவாயின் உள்பக்கத் திசுவிலிருந்து கிளம்புகிறது. அங்கே இருப்பது பச்சைத் திசு. ஓரத்து அடுக்கு அதில் சேர வழியில்லை. இது உங்கள் கவனிப்பைப் பொறுத்ததல்ல, எந்த உரம் போட்டாலும் மாறாது.

சிலர் மஞ்சள் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் கீறி நட்டுப் பார்ப்பார்கள். பச்சையம் இல்லாத துண்டு தனக்கான உணவைத் தானே தயாரிக்க முடியாது, அதை வைத்துக் கன்று எடுக்க முயல வேண்டாம்.

மஞ்சள் ஓரம்தான் வேண்டும் என்றால் தாய்ச்செடியின் கிழங்கைப் பிரிக்க வேண்டும். அதை அப்புறம் விரிவாக எழுதுகிறேன்.

மொட்டைமாடி (தாம்பரம்)

இது எனக்கு உண்மையிலேயே புதுச் செய்தி. ரொம்ப நன்றி தம்பி. இவ்வளவு வீடியோ பார்த்தேன், ஒருவர்கூடச் சொல்லவில்லை. கடைசிக் காட்சியில் காட்டும் செடிகள் எல்லாம் மஞ்சள் ஓரத்தோடுதான் இருந்தன.

சரி, ஒடிந்த இலை ஒடிந்ததுதான். பச்சையாக வந்தாலும் அழகுதானே. இலைகளையும் நட்டுப் பார்க்கிறேன், தாய்ச்செடியையும் பிரிக்கிறேன். முதலில் இலையை எப்படி வெட்டுவது?

உமிக்கரி (மன்னார்குடி)

அம்மா, இலை விஷயத்தை நான் சொல்கிறேன். பள்ளிக்கூடத் தோட்டத்துக்காக இதைப் பல வருடமாகச் செய்து வருகிறேன்.

இரண்டடி இலையிலிருந்து மூன்று நான்கு அங்குலத் துண்டாக வெட்டினால் ஆறேழு துண்டு கிடைக்கும். நுனியில் இருக்கும் மெல்லிய பகுதியை விட்டுவிடுங்கள், அதில் சேமிப்பு குறைவு. கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி நாரை நசுக்கிவிடும், நசுங்கிய இடம்தான் முதலில் அழுகும். கத்தரிக்கோலால் வெட்டினாலும் இதே தொல்லைதான். புது பிளேடு போட்ட கட்டர் நல்லது. டெட்டாலிலோ ஸ்பிரிட்டிலோ துடைத்துக்கொள்ளுங்கள், ஒரு இலை முடிந்து அடுத்த இலைக்குப் போகும்போது மறுபடி துடையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது எந்தப் பக்கம் கீழே என்பது. செடியில் இருந்தபோது கிழங்கைப் பார்த்திருந்த பக்கம்தான் மண்ணுக்குள் போக வேண்டும். வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற பொருள் இலைக்குள் அடிப்பக்கம் நோக்கியே நகரும். தலைகீழாக நட்டால் அது மேலே நிற்கும் முனையில் சேரும், மண்ணுக்குள் இருக்கும் முனையில் வேர் வராது. துண்டாக்கிய பிறகு இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும், கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. அதனால் ஒவ்வொரு துண்டையும் வெட்டிய கையோடு அடிமுனையைத் தலைகீழ் ‘V’ வடிவில் செதுக்கிவிடுங்கள், அதாவது நடுவில் ஒரு சின்ன முக்கோணம் எடுத்துவிட வேண்டும். அடையாளத்துக்கு அடையாளம், வேர் கிளம்பும் வெட்டுவாயின் நீளமும் கூடுகிறது. மேல்முனையை நேராகவே விட்டுவிடுங்கள்.

அடுத்தது காய விடுவது. நிழலில், காற்றோட்டமான இடத்தில், செய்தித்தாள் மேல் பரப்பி மூன்று நாள். தாம்பரத்துக் காற்றில் ஈரம் அதிகம், ஐந்து நாள்கூட விடலாம். வெட்டுவாயைத் தொட்டுப் பாருங்கள். முதல் நாள் கையில் பிசுபிசுக்கும். காய்ந்த பிறகு தோல் கட்டி, லேசாகச் சுருங்கி, காகிதம் போல் உலர்ந்திருக்கும். ஓரம் வெளிறிப் பழுப்பாகும். அப்போதுதான் நட வேண்டும். அந்தத் தோல் கட்டாமல் ஈர மண்ணில் வைத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்த கணக்கு.

மண்கலவைக்கு நான் பாதி உமிக்கரி, கால் பங்கு மணல், கால் பங்கு கழுவிய தேங்காய்நார்த் தூள் சேர்க்கிறேன். உமிக்கரி எங்கள் பக்கம் அரிசி ஆலையில் கிடைக்கும். தாம்பரத்தில் கிடைக்காவிட்டால் பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைக் குறுணையை வாங்கிக்கொள்ளுங்கள். ஆற்றுமணல் இல்லை, எம்-சாண்ட்தான் இருக்கிறது என்றால் வாளியில் போட்டு அலசி, மேலே மிதந்து வரும் பாறைத்தூளைக் கொட்டிவிடுங்கள். அலசாமல் போட்டால் தண்ணீர் பட்டதும் சிமென்டு மாதிரி இறுகும். மண்புழு உரம் இப்போது வேண்டவே வேண்டாம். வேரே இல்லாத துண்டுக்கு உரம் எதற்கு? ஈரத்தைப் பிடித்துவைத்து அழுகலைத்தான் கூட்டும்.

ஒரு அங்குலம் ஆழம் போதும். நட்டதும் ஒரு முறை தண்ணீர் தெளித்து, அப்புறம் மேல்மண் ஒரு அங்குலம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். வெளிச்சம் நிறைய வேண்டும், உச்சி வெயில் வேண்டாம்.

கண்ணாடிக்குவளை (மதுரை)

உமிக்கரி ஐயா சொன்னதில் எனக்கு ஒரு வரிகூட மறுப்பு இல்லை. ஆனால் அபார்ட்மென்ட் பால்கனியில் மணல், உமிக்கரி எல்லாம் கொட்டிக் கலக்க எல்லோருக்கும் வசதி இருக்காது. நான் தண்ணீர்க் கட்சி.

பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோ ஜாம் பாட்டிலோ போதும். துண்டின் அடி ஒன்றரை அங்குலம் மட்டும் தண்ணீரில் இருக்க வேண்டும், முழுத் துண்டும் மூழ்கக் கூடாது. ஐயா சொன்ன முக்கோண வெட்டு இங்கே இன்னும் உதவும். பாட்டில் அடியில் வெட்டுவாய் தட்டையாக ஒட்டிக்கொள்ளாது, தண்ணீர் சுற்றி வரும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். வாரம் ஒரு முறை முழுவதும் மாற்றி, துண்டின் அடியையும் பாட்டிலின் உள்பக்கத்தையும் விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமனே தண்ணீரை மாற்றினால் போதாது, அடியில் வழுவழுப்பாக ஒரு படலம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

தண்ணீரில் எனக்குப் பிடித்தது, நடப்பதைப் பார்க்க முடிகிறது. முதலில் வெட்டுவாய் ஓரத்தில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகத் தடிக்கும். அப்புறம் தடித்த வெள்ளை வேர்கள், நூடுல்ஸ் கனத்தில், பக்கவாட்டில் நீளும். அதற்கும் பிறகு ஒரு நாள் வேருக்கு நடுவே கூம்பாக, இளஞ்சிவப்பு கலந்த வெள்ளையில் ஒரு முளை முட்டி நிற்கும். மண்ணில் நட்டவர்கள் இதையெல்லாம் பார்க்கவே முடியாது. எந்தத் துண்டு கெடுகிறது என்பதும் முதல் நாளே தெரிந்துவிடும், அதை மட்டும் எடுத்துவிடலாம்.

உமிக்கரி (மன்னார்குடி)

பார்க்க முடிகிறது என்பது பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடிக்குவளை, தண்ணீரில் விட்ட வேர் மெதுவாகவும் மொடமொடப்பாகவும் இருக்கும். மண்ணுக்கு மாற்றும்போது பாதி ஒடிகிறது, மீதி மண்ணுக்குப் பழக நாள் பிடிக்கிறது. சில துண்டுகள் அந்த மாற்றத்தில் அப்படியே நின்றுவிடும். மண்ணில் நட்டால் இந்த இரண்டாம் கட்டமே கிடையாது. இருபத்தைந்து தொட்டி தேவைப்படுகிற ஒருவருக்கு வாரா வாரம் இத்தனை பாட்டில் கழுவச் சொல்வதும் சரியாகப் படவில்லை.

கண்ணாடிக்குவளை (மதுரை)

மாற்றும் நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது ஐயா. வேர் ஒன்றரை இரண்டு அங்குலம் இருக்கும்போதே மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். ஆறு அங்குலம் சுருண்டு அழகாக இருக்கிறதே என்று பாட்டிலிலேயே வைத்திருந்தால் நீங்கள் சொல்வது நடக்கும். மாற்றிய முதல் இரண்டு வாரம் மண்ணை லேசான ஈரத்தில் வைத்து, பிறகு மெல்ல மெல்லக் காயவிட்டுப் பழக்க வேண்டும்.

ஆனால் இருபத்தைந்து தொட்டிக்கு மண்தான் வசதி, அதை ஒப்புக்கொள்கிறேன். மொட்டைமாடி அக்கா ஒன்றிரண்டு துண்டை மட்டும் பாட்டிலில் வைத்து, மீதியை மண்ணில் நடலாம். பாட்டிலில் வேர் வந்துவிட்டால் மண்ணுக்குள் இருப்பதற்கும் வந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம், தோண்டிப் பார்க்கத் தேவையிருக்காது.

நாற்றுப்பட்டறை (கோவை)

அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

வேர் ஊக்கிப் பவுடர் பற்றி யாராவது கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். உரக்கடையில் கிடைக்கும் பவுடர்களில் பெரும்பாலும் ஐபிஏ என்ற செயற்கை ஆக்சின் இருக்கும். தொட்டு வைத்தால் வேர் கொஞ்சம் முந்தி, கொஞ்சம் கூடுதலாக வரலாம். ஆனால் இந்தச் செடிக்கு அது கட்டாயம் இல்லை, தன் இலையிலேயே தேவையானதை வைத்திருக்கிறது. சோற்றுக்கற்றாழைச் சாறு, தேன் எல்லாம் வெட்டுவாயை ஈரமாக்கும். ஐந்து நாள் காயவைத்துவிட்டு மறுபடி பிசுபிசுப்பில் முக்குவதில் அர்த்தம் இல்லை. மஞ்சள்தூள் தடவுபவர்களும் உண்டு, தடவினால் கெடுதல் இல்லை. ஆனால் காப்பாற்றுவது மஞ்சள் அல்ல, காய விட்டதுதான்.

மருதநிழல் (நாகப்பட்டினம்)

இதைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. போன ஐப்பசியில் நட்ட பத்துத் துண்டுகளில் எட்டு கார்த்திகைக்குள் அடியில் கொழகொழவென்று ஆகி, தொட்டால் தோல் தனியாகக் கழன்று வருகிறது. கெட்ட வாடையும் அடிக்கிறது. மீதி இரண்டு உறுதியாகத்தான் இருக்கின்றன, ஆனால் அடியில் பழுப்பாகத் தெரிகிறது. அவற்றையும் எடுத்துவிட வேண்டுமா? தண்ணீர் நான் ஊற்றவே இல்லை, மழைதான் பெய்தது.

உமிக்கரி (மன்னார்குடி)

மருதநிழல், பழுப்பு எல்லாம் அழுகல் அல்ல. விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, உலர்ந்து, மரப்பட்டை மாதிரி இருந்தால் அது காய்ந்த தோல், அப்படியே விடலாம். அழுத்தினால் உள்வாங்குகிறது, நீர் கசிகிறது, வாடை வருகிறது என்றால் பாக்டீரியா அழுகல். அந்த எட்டும் போனவை. தொட்டி மண்ணோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள், அந்த மண்ணில் திரும்ப நடாதீர்கள்.

பாதி அழுகிய துண்டைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அழுகல் முடிந்து இலை தெளிந்த பச்சையாக இருக்கும் இடத்திலிருந்து இன்னும் ஒரு அங்குலம் மேலே வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் பழுப்புக் கோடோ புள்ளியோ இருந்தால் இன்னும் மேலே போங்கள். சுத்தமாக வந்த பிறகு மறுபடி முக்கோணம் செதுக்கி, காயவைத்து, புது மணலில் நடலாம். மேல் கீழ் மாறிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் கடலோர மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழைதான் இதற்கு எதிரி. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மண் காயவே காயாது, காற்றும் ஈரம். அந்தக் காலத்தில் புதிதாக இலை நடாமல் இருப்பது நல்லது. மாசியிலிருந்து ஆடி வரை நடலாம், நிழல் மட்டும் இருந்தால் போதும். ஏற்கெனவே நட்டது இருந்தால் மழைபடாத தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

யன்னலோரம் (ஸ்காபரோ, கனடா)

வணக்கம் எல்லாருக்கும். இங்கே எங்களுக்கு மழையைவிடக் குளிர்தான் பிரச்சினை. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடினாலும் யன்னல் கட்டையில் வைத்த பூச்சாடியின் மண் இரவில் சில்லென்று ஆகிவிடும். மண் அப்படிக் குளிர்ந்தே இருந்தால் துண்டு சாகாது, ஆனால் ஒன்றும் செய்யாமல் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். அந்த நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் அழுகுகிறது. நாற்றுச் சாடிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பு ஒன்று வாங்கி அதன் மேல் வைக்கிறேன், அதுக்குப் பிறகு குளிர்காலத்திலும் வேர் பிடிக்கிறது. விரிப்பு இல்லாதவர்கள் மே மாதம் வரை பொறுத்து நடுவது நல்லது. ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, சூடு சும்மா கிடைக்கிறது.

முள்காடு (புதுக்கோட்டை)

தொட்டியில் வைத்துக் கவலைப்படுகிற இந்தச் செடியின் உறவுக்காரன் ஒருவன் நம் ஊர்ப் பொட்டல் காடுகளிலேயே இருக்கிறான். மருள் என்போம். கள்ளிப் புதருக்கு அடியில், பாறை இடுக்கில், கூட்டமாக நிற்கும். குறுகலாக, உள்பக்கம் வாய்க்கால் மாதிரி குழிந்த இலை, அதில் கரும்பச்சைப் பட்டைகள். நாருக்காக அறுப்பார்கள், அந்தக் காலத்தில் வில்லுக்கு நாண் திரிக்கும் அளவுக்கு உறுதியான நார். நீங்கள் வளர்ப்பது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நர்சரிச் சீட்டில் சான்சிவேரியா என்று இருந்தாலும் டிரசீனா என்று இருந்தாலும் இதே செடிதான், 2017-இல் தாவரவியலாளர்கள் இந்தச் செடியை டிரசீனா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், மருள் வளரும் இடத்தைப் போய்ப் பார்த்தால் தொட்டியில் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகப் புரியும். ஒரு மழை பெய்து ஓடிவிடும், பிறகு வாரக்கணக்கில் சரளை மண் காய்ந்து கிடக்கும். மேலே புதரின் அரைநிழல். ஒடிந்து விழுந்த இலைகூட அந்தச் சரளையில் கிடந்து வேர்விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றவில்லை.

மொட்டைமாடி (தாம்பரம்)

முள்காடு அண்ணா, இதைப் படித்தபிறகு தண்ணீர்க் கேனைத் தள்ளி வைத்துவிட்டேன்.

நட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. பாட்டிலில் வைத்த துண்டில் வேர் நன்றாக இருக்கிறது. மண்ணில் இருப்பவை அப்படியே நிற்கின்றன, ஒரு துளி உயரவில்லை. லேசாக ஆட்டினால் அசையவில்லை, பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். கன்று எப்போது வரும்? இன்னொன்று, கிழங்கு பிரிப்பதைப் பற்றி எழுதுகிறேன் என்று தம்பி சொன்னார்.

நாற்றுப்பட்டறை (கோவை)

அக்கா, நட்ட துண்டு உயராது. வெட்டின இலை அதற்கு மேல் வளரவே வளராது, எத்தனை வருடம் ஆனாலும் அதே நான்கு அங்குலம்தான். அதன் வேலை மண்ணுக்குள். முதலில் வேர், பிறகு வெட்டுவாயிலிருந்து ஒரு குட்டிக் கிழங்கு, அந்தக் கிழங்கின் நுனியில் கன்று. நம் வெயிலில் வேருக்கு நான்கிலிருந்து ஆறு வாரம், கன்று வெளியே தெரிய மூன்று நான்கு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். சில துண்டு அதற்கும் மேல் எடுக்கும். இழுத்தால் அசையவில்லை என்றால் கவலையே வேண்டாம். தோண்டிப் பார்க்காதீர்கள், புது வேர் கண்ணாடிபோல் ஒடியும்.

கன்று இலைக்கு ஒட்டியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் தள்ளி, தொட்டி ஓரத்தில்கூட முளைக்கும். களை என்று பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இலைகள் மெலிந்து, குழிந்து, தாய்ச்செடி மாதிரியே இருக்காது. நான்கைந்து இலை வந்தபிறகுதான் அகலம் தெரியும். உருளையாக வளரும் சிலிண்டிரிகா ரகத்தில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

கன்று வந்ததும் பழைய துண்டை வெட்டி எறிவது பலர் செய்வது. வேண்டாம். கன்றுக்கு உணவு அதிலிருந்துதான் போகிறது. கன்று துண்டைவிட உயர்ந்து, சொந்த வேர் கொத்தாக வந்தபிறகு பிரிக்கலாம். அந்தத் துண்டு கெட்டியாக இருந்தால் இன்னொரு கன்றும் தரும்.

இனி கிழங்கு. தாய்ச்செடிக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். காய்ந்த மண் எளிதாக உதிரும், இலைகளும் முறுக்காக இருக்காது. பிளாஸ்டிக் தொட்டி என்றால் சுற்றிலும் அமுக்கிவிட்டு, படுக்கவைத்து, செடியின் அடிக்கழுத்தைப் பிடித்து மெதுவாக இழுங்கள். இலை நுனியைப் பிடித்து இழுத்தால் ஒடியும். மண் தொட்டியில் வேர் இறுகியிருந்தால் தொட்டியை உடைப்பதுதான் செடிக்கு நல்லது.

மண்ணை உதறினால் கட்டைவிரல் கனத்தில், ஆரஞ்சு கலந்த மஞ்சளில், செதில் செதிலாகக் கிழங்கு தெரியும். இஞ்சி மாதிரி கிளைத்து ஓடும். ஒவ்வொரு இலைக்கொத்தும் எங்கே தனித்துக் கிளம்புகிறது என்று பாருங்கள். இரண்டு கொத்துக்கு நடுவே கழுத்துப்போல் இருக்கும் இடத்தில் ஒரே வெட்டு. ஒவ்வொரு பாகத்திலும் ஒரு இலைக்கொத்து, கொஞ்சம் கிழங்கு, கொஞ்சம் வேர் மூன்றும் இருக்க வேண்டும். இலை இல்லாத கிழங்குத் துண்டில் கூம்பாக முளை தெரிந்தால் அதையும் தனியாக நடலாம், ஓரம் மஞ்சளாகவே வரும். வெட்டு முகத்தை இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம்.

இதற்குக் கலவை வேறு. செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. இங்கே வேர் இருக்கிறது, உரம் பயன்படும்.

பூனைவீடு (திருச்சி)

நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். பரிசாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதால் ஒரு செய்தி. இந்த இலையில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. பூனையோ நாயோ கடித்துத் தின்றால் வாந்தி, பேதி, எச்சில் வடிதல் வரும். எங்கள் வீட்டில் அலமாரி மேல்தான் வைத்திருக்கிறோம். செல்லப்பிராணியோ, தவழும் குழந்தையோ இருக்கும் வீட்டுக்குக் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொரு கேள்வி. ராத்திரியில் ஆக்சிஜன் விடும், படுக்கையறையில் வைத்தால் காற்று சுத்தமாகும் என்கிறார்களே, பரிசுத் தொட்டியோடு ஒரு சீட்டு வைத்து அதில் அப்படி எழுதலாமா?

முள்காடு (புதுக்கோட்டை)

எழுத வேண்டாம். இந்தச் செடி வறண்ட நிலத்துக்காரன், பகலில் இலைத்துளையைத் திறந்தால் நீர் போய்விடும். அதனால் ராத்திரி திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்கி, அமிலமாகச் சேர்த்துவைத்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்குகிறது. ஆக்சிஜன் உண்டாவது வெளிச்சத்தில்தான்.

காற்றுச் சுத்தம் என்பது நாசா 1989-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்தது. 2019-இல் இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர்கள், சாதாரணக் கட்டடத்தில் காற்றோட்டமே செய்துவிடும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து, அதிகமாக ஆயிரம் செடிகூடத் தேவைப்படும் என்று சொன்னார்கள். சன்னலைத் திறந்து வைத்தாலே போதும். அழகுக்காகவும், வாடாத குணத்துக்காகவும் கொடுங்கள், அதுவே பெரிய காரணம்.

மொட்டைமாடி (தாம்பரம்)

புரட்டாசி வந்துவிட்டது, நிலவரம் சொல்கிறேன். இலைத்துண்டுகளில் பெரும்பாலானவற்றில் கன்று வந்துவிட்டது. தம்பி சொன்னது போல் எல்லாமே பச்சை, ஒன்றில்கூட மஞ்சள் இல்லை. ஒரு துண்டில் தொட்டிச் சுவரை ஒட்டி இரண்டு கன்று வந்திருக்கிறது. முதல் இலை சுருட்டிய வெற்றிலை போல் இறுக்கமாக வந்து, பிறகு விரிகிறது. அதில் ஏற்கெனவே பட்டை தெரிகிறது. தாய்ச்செடியைப் பிரித்ததில் ஆறு தொட்டி கிடைத்தது, எல்லாவற்றிலும் மஞ்சள் ஓரம் அப்படியே இருக்கிறது. மாமியாருக்கும் அம்மாவுக்கும் நாத்தனார்களுக்கும் அவை, மற்றவர்களுக்குப் பச்சை என்று முடிவு செய்திருக்கிறேன்.

மழை தொடங்கப் போகிறது. எல்லாத் தொட்டியும் இப்போது திறந்த மாடியில் நிழல்வலைக்கு அடியில் இருக்கின்றன. தை வரை எப்படிப் பார்த்துக்கொள்வது? பரிசுத் தொட்டிக்கு எப்போது மாற்றுவது? கலர் பூசிய, அடியில் ஓட்டை இல்லாத பீங்கான் கோப்பை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

நாற்றுப்பட்டறை (கோவை)

நிழல்வலை மழையைத் தடுக்காது அக்கா. முதல் பெரிய மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் கூரைக்கு அடியில், வெளிச்சம் வரும் ஓரத்துக்கு எடுத்துவிடுங்கள். மழை மாதங்களில் மண் காய மூன்று வாரம்கூட ஆகும், அதுவரை தண்ணீர் வேண்டாம். தொட்டியைத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் துண்டு மேல் தூக்கி வையுங்கள். நத்தை வரும் காலம், இளங்கன்றின் நுனியைத் தின்றுவிடும். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்துப் பொறுக்கிவிடுங்கள். இலை இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரிந்தால் மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, துணியில் நனைத்துத் துடையுங்கள்.

ஓட்டை இல்லாத கோப்பையில் நேராக நடாதீர்கள். வாங்கிப் போகிறவர் ஆசையாகத் தினமும் தண்ணீர் ஊற்றுவார், அது அடியில் தேங்கும். அடியில் ஓட்டை போட்ட மூன்று அங்குல பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து, அதை அப்படியே கோப்பைக்குள் இறக்கிக் கொடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து ஊற்றி, வடிந்ததும் உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

மாற்றுவதைக் கார்த்திகைக் கடைசியில் மழை குறைந்ததும் செய்யுங்கள், விழாவுக்குள் வேர் பிடித்துவிடும். பச்சைக் கன்றுகளில் பழைய இலைத்துண்டை எடுக்காமல் அதோடு சேர்த்தே மாற்றுங்கள், இத்தனை சின்னக் கன்றுக்கு அது இன்னும் தேவை. அது ஏன் நிற்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு சீட்டு வையுங்கள்: ‘நடுவில் இருக்கும் வெட்டிய இலையைப் பிடுங்க வேண்டாம். மண் முழுக்கக் காய்ந்த பிறகு தண்ணீர். பூனை, நாய் எட்டாத இடம்.’ இந்த மூன்றும் போதும்.

மொட்டைமாடி (தாம்பரம்)

நாளைக்கே கூரைக்கு அடியில் மாற்றிவிடுகிறேன். மூன்று அங்குலத் தொட்டி மொத்தமாக எங்கே கிடைக்கும், பாரிமுனைப் பக்கம் விசாரிக்கலாமா?

கண்ணாடிக்குவளை (மதுரை)

பாரிமுனை வரை போக வேண்டாம் அக்கா. உங்கள் பக்கத்து நர்சரியிலேயே கேளுங்கள், நாற்று விற்றுத் திரும்பி வந்த காலித் தொட்டிகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும், குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.